மல்லி வராத மண் என்று ஒன்று இங்கே இல்லை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளின் முன் சரம் வாங்க நிற்பவர்களிடம், வீட்டில் மல்லிச் செடி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "வாங்கி வந்தப்போ கொத்துக்கொத்தா பூத்துச்சு. அப்புறம் வெறும் இலைதான். இந்த ஊரு மண்ணுக்கு மல்லி வராதுங்க." கிள்ளானிலும் இதே பேச்சு, பெட்டாலிங் ஜெயாவிலும் இதே பேச்சு. தாய் சொன்னதை மகள் சொல்கிறாள், மகள் சொன்னதைப் பேத்தி சொல்கிறாள். மலேசியாவில் மல்லி ஒரு தடவைதான் பூக்கும். மறுபடி பூக்க இந்த மண்ணும் மழையும் விடாது. மீறிப் பூக்க வேண்டுமானால் உரம் கொட்ட வேண்டும். நம் குடும்பங்களில் யாரும் எதிர்த்துக் கேட்காத தீர்ப்பு இது.

இந்தத் தீர்ப்பு தவறு. இதனால் ஒவ்வொரு ஆண்டும் நல்ல செடிகள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. தலையில் வைக்கவும் சாமிக்குச் சாத்தவும் விமானத்தில் வந்திறங்கும் தமிழ்நாட்டு மல்லியையே நாம் நம்பி இருக்கிறோம். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து விமானங்கள் நின்றபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பார்த்தோம். ஆனாலும் யாரும் செடிப் பக்கம் திரும்பவில்லை. மண் சரியில்லை என்று முடிவு கட்டியவர்கள் திரும்பி என்ன செய்வார்கள்?

முதலில் மண்ணையே எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸ் களிமண் பூமி என்பது உண்மைதான். 1881 இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரம் செங்கல்லாலும் ஓட்டாலும் எழும்பியபோது, அதற்குச் சூளை போட்ட இடம் இது. ஊர்ப்பெயரே அதிலிருந்துதான் வந்தது. ஆனால் நம் மல்லி நிற்பது அந்த மண்ணிலா? அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், பையில் அடைத்து விற்கும் கலவை மண் போட்ட தொட்டியில் நிற்கிறது. செடி ஒருநாளும் தொட்டுப் பார்க்காத மண்மேல் பழி போடுகிறோம்.

அடுத்து, தட்பவெப்பம். நாம் குண்டு மல்லி என்றும் மதுரை மல்லி என்றும் அழைக்கும் அதே இனத்தைத்தான் மலாய்க்காரர்கள் மெலூர் என்கிறார்கள். நாம் இங்கே வருவதற்கு முன்பே அது இங்கே இருந்தது. இந்தோனேசியா 1993 இல் அதிபர் ஆணையின் வழியாக அதைத் தன் தேசிய மலர்களில் ஒன்றாக்கியது. பிலிப்பைன்ஸ் 1934 இலேயே அதைத் தேசிய மலராக அறிவித்துவிட்டது. நடு ஜாவாவின் தெகால் வட்டாரத்தில் மல்லியைப் பறித்துத் தேயிலைக்கு மணமேற்றுவது ஒரு முழுத் தொழில். நம்மைப் போலவே நிலநடுக்கோட்டை ஒட்டிய, வெப்பமும் ஈரமும் நிறைந்த பூமி அது. அங்கே வறண்ட மாதங்கள் நம்மைவிடத் தெளிவாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மதுரையில் பெய்வது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பூவின் அளவு கூடும், குறையும். அடைமழை வாரத்தில் மொட்டு உதிரும். ஆனால் செடி மறுபடி பூக்குமா, பூக்காதா என்பதை மழை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது வேறு. அதைத்தான் நாம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மல்லி தன் புதுக்கிளையின் நுனியில் பூக்கிற செடி. ஒரு கிளை நீண்டு, இலை விட்டு, முடிவில் நுனியில் சிறு கொத்தாக மொட்டு வைக்கிறது. அந்த மொட்டு மலர்ந்ததும் அந்தக் கிளையின் நீட்சி அதோடு முடிந்தது. பூத்த நுனியிலிருந்து இன்னொரு பூ ஒருநாளும் வராது. அடுத்த பூ வேண்டுமென்றால், கீழே இலைக் கக்கங்களில் உறங்கும் மொட்டுகள் விழித்துப் புதுக்கிளைகளாக வேண்டும். அந்தக் கிளைகள் வெயில் குடித்து முதிர்ந்து தங்கள் நுனியில் மொட்டு வைக்க வேண்டும். மல்லி மறுபடி பூப்பது என்றால் மறுபடி கிளைப்பது. வேறு வழி அந்தச் செடிக்குக் கிடையாது.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகிறது? மேலே உள்ள ஒன்றோ இரண்டோ மொட்டு முந்திக்கொள்கிறது. முந்திய கிளையின் இளம் நுனி ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்பி, மற்ற மொட்டுகளை உறக்கத்திலேயே வைத்திருக்கிறது. நுனியின் இந்த ஆதிக்கத்துக்கு ஆக்சின்தான் காரணம் என்று 1930களிலேயே திமன், ஸ்கூக் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். நுனியை வெட்டியதும் இலைகளில் உருவான சர்க்கரை கீழ் மொட்டுகளுக்குத் திரும்புவதே அவற்றை முதலில் எழுப்புகிறது என்று 2014 இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் பட்டாணிச் செடியில் கண்டார்கள். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். வெட்டாத செடி கொடியைப் போல இரண்டு மூன்று நீண்ட கிளைகளை இழுத்துக்கொண்டு போகும். நுனி இரண்டு மூன்றுதான், ஆகவே பூவும் இரண்டு மூன்று. அதே செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால், கீழே தடித்த கிளைகளிலிருந்து ஒரே சமயத்தில் பல தளிர்கள் எழும். அத்தனை நுனியிலும் மொட்டு வரும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் அறிவு இல்லை. நாம் பெருமையோடு பேசும் மதுரை மல்லி, 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மல்லி, அங்கே சும்மா பூப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு மொத்தச் செடியையும் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பார்க்கப் பாவமாக, குச்சிக் குச்சியாக நிற்கும் அந்தத் தோட்டம்தான் கோடையில் மாட்டுத்தாவணிச் சந்தையை நிரப்புகிறது. மதுரையில் இருந்து வரும் பூவைக் கொண்டாடுகிற நாம், அந்தப் பூவை வரவழைக்கும் கத்தியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

நம் சமூகத்துக்குக் கவாத்து புதிதா என்ன? இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் நம் முன்னோர். கேமரன் மலையில் போ தோட்டம் 1929 இல் தொடங்கியது. அங்கே இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கிள்ளத்தான் புதுக்கொழுந்து வரும் என்பது அந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிடுவார்கள். அதனால் அது சாகவில்லை, நூறாண்டு நெருங்கியும் கொழுந்து தருகிறது. கிள்ளிய நுனிக்குக் கீழே உறங்கும் மொட்டு எழுவது தேயிலையிலும் மல்லியிலும் ஒரே வேலை. அங்கே கிடைப்பது இலை, இங்கே கிடைப்பது பூ, அவ்வளவுதான் வேறுபாடு. இந்த அறிவைக் கையில் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொட்டி மல்லியில் கத்தி வைக்க அஞ்சுகிறார்கள். பூச்செடியை வெட்டுவது பாவம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது என்பவர்கள் சனிக்கிழமை வெட்டலாம். அந்த மரியாதையில் எனக்கு மறுப்பில்லை. ஒருநாளும் வெட்டாமல் விடுவதைத்தான் மறுக்கிறேன்.

இனி உரத்துக்கு வருவோம். தவறான நம்பிக்கைகளில் அதிகத் தீங்கு செய்வது இதுதான். செடி பூக்கவில்லை என்றதும் நம் கை கோழி எருவுக்கும் என்பிகே பொட்டலத்துக்கும் போகிறது. போதாததற்கு அரிசி கழுவிய நீர், வெங்காயத் தோல் ஊறல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை என்று கைப்பேசியில் தினம் ஒரு குறிப்பு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றுகிறோம். செடி கரும்பச்சையாகத் தழைக்கிறது. "நல்லா வந்திருக்கு, பூ மட்டும் இல்லை" என்கிறோம். பூ இல்லாததற்கு அந்தத் தழைப்பும் ஒரு காரணம் என்று தோன்றவில்லை.

தழைச்சத்து மிகுந்தால் செடி இலையும் கிளையுமாக நீளும், பூப்பது தள்ளிப்போகும். அமெரிக்காவில் கிராஸ், கிரேபில் என்ற இருவர் 1918 இலேயே தக்காளியில் இதை எழுதினார்கள்: தழைச்சத்து ஏராளமாகவும், இலையில் சேரும் மாவுச்சத்து குறைவாகவும் இருந்தால் செடி தழைக்கும், காய்க்காது. பிந்தைய ஆய்வுகள் இந்தக் கணக்கை நிறையத் திருத்தியிருக்கின்றன. தழைச்சத்து மிகுந்தால் தழையே மிகும் என்ற தோட்டக்காரர் அனுபவம் மட்டும் மாறவில்லை. தமிழ்நாட்டுப் பரிந்துரையையே பாருங்கள். நிலத்தில் வேர் விரித்து நிற்கும் வளர்ந்த மல்லிச் செடி ஒன்றுக்கு ஓர் ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம். அதையும் இரண்டே தவணையாக, கவாத்து முடிந்ததும் ஒன்று, ஜூன் ஜூலையில் ஒன்று. மற்ற இரண்டில் பாதிதான் தழைச்சத்து என்பதைக் கவனியுங்கள். நாமோ சிறு தொட்டிக்கு வாரா வாரம் எரு வைக்கிறோம். பட்டினி கிடக்கும் செடி பூக்காது என்பது உண்மை. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் பால்கனிகளில் நான் பார்த்த பூக்காத மல்லிகளில் பட்டினியால் வாடியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை தின்று தழைத்து, இருட்டில் நிற்பவை.

இருட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணுக்குப் பால்கனி வெளிச்சமாகத்தான் தெரியும். கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கூரை நிழலில் செடிக்குக் கிடைப்பதோ திறந்த வெளியில் உள்ளதில் பல வேளைகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலை சமைக்கும் சர்க்கரைதான் மொட்டாகிறது; வெயில் இல்லையென்றால் சர்க்கரை இல்லை. வீட்டு அமைப்பையும் இங்கே எண்ண வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் ஆண்டு முழுதும் ஏறக்குறைய தலைக்கு மேலேதான் போகிறது. வடக்கு அல்லது தெற்கு பார்த்த பால்கனிக்கு மேல்மாடித் தளமே குடையாகி நேர்வெயிலைப் பெரிதும் மறைத்துவிடும். கிழக்கு அல்லது மேற்கு பார்த்த பால்கனிக்கு அரைநாள் வெயில் கிடைக்கும். மல்லிக்கு அது போதும். அஞ்சடியில் உள்தூண் ஓரம் வைத்த செடிக்கு ஒன்றும் கிடைக்காது.

"வாங்கும்போது பூத்திருந்ததே" என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்கும் பூச்செடிகளில் பல சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளிலிருந்து வருகின்றன. 1930 இல் தொழுநோய்க் குடியிருப்பு திறந்த இடம் அது. நோயின் பெயரால் ஊர் ஒதுக்கிய மனிதர்கள் அங்கே பூச்செடி வளர்த்துத் தங்கள் வாழ்வை நிமிர்த்தினார்கள்; இன்றும் அந்தச் சாலை நெடுகப் பண்ணைகள் நிற்கின்றன. இந்தப் பண்ணைகளில் செடி வளர்வதைப் போய்ப் பாருங்கள். திறந்த வெயில், வேர் நெருக்கும் சிறு கறுப்புப் பை, அடிக்கடி கத்தரி. உலகெங்கும் தொட்டிச் செடித் தொழிலில், கிளை நீளாமல் அடக்கும் மருந்து கொடுப்பதும் வழக்கம். அப்படி வளர்த்துப் பூவோடு விற்ற செடியை நிழலுக்குக் கொண்டுபோய், எரு வைத்து, கத்தரியை மறந்தோம். பண்ணையில் பூக்கவைத்த வெயிலையும் கத்தரியையும் நாமே பறித்துவிட்டு, ஊர் மண் சரியில்லை என்கிறோம்.

இன்னொரு வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. இந்த நாட்டில் பருவமே இல்லை. பகலின் நீளம் ஆண்டு முழுதும் 20 நிமிடம்போலத்தான் மாறுகிறது. ஆகவே எப்போது பூப்பது என்று செடிக்குத் தெரியாது என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இந்நாட்டுத் தாவரங்களே இதை மறுக்கின்றன. பழைய சாலையோர மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்டைப் பாருங்கள். திடீர் மழையில் காற்று சட்டென்று குளிர்ந்தால், அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும், அன்றே வாடும். மறுபடி ஒரு குளிர்மழை, மறுபடி ஒன்பது நாள். காட்டுக்குள் மெரந்தி போன்ற பெருமரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கின்றன. தொடர்ந்து சில இரவுகள் வெப்பம் 2 பாகைபோலக் குறைவதே அதற்குத் தூண்டுகோலாக இருக்கலாம் என்று 1988 இல் எழுதிய மூவரில் ஒருவர், நம் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த அப்பானா. நமக்குத் தெரியாத குறிப்பைக்கூடச் செடி கேட்கிறது. மல்லிக்கோ பகல் நீளத்தின் குறிப்புக்குக் காத்திருக்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை. வெப்பம் ஆண்டு முழுதும் இருக்கிறது. மதுரையில் பனிக்காலத்தில் பூ ஓய்ந்து விலை ஏறும். இங்கே அந்த ஓய்வுக்குக் காரணமான குளிரே கிடையாது. பருவம் இல்லாதது மல்லி வளர்ப்பவருக்கு வரம்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் நகரத்தின் மேம்பாலங்களைப் பாருங்கள். சிமெண்டுத் தொட்டிகளில் காகிதப்பூச் செடிகள் வறண்டு, வேர் நெருங்கி, உச்சி வெயிலில் காய்ந்து நிற்கின்றன. யாரும் அவற்றுக்கு வாழைப்பழத் தோல் ஊற வைத்து ஊற்றுவதில்லை. மழை விட்டுச் சில வாரம் வறட்சி வந்தால் இலையே தெரியாமல் பூக்கின்றன. அந்தச் செடியின் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில், ஒரே வகை மொட்டிலிருந்து பிறப்பவை. நீரும் தழைச்சத்தும் மிகுந்து கிளை வேகமாக நீளும்போது அந்த மொட்டு முள்ளாகிறது. வளர்ச்சி அடங்கினால் பூங்கொத்தாகிறது. வீட்டில் கொழுகொழுவென்று வளர்த்த காகிதப்பூவில் முள்ளை எண்ணிப் பாருங்கள். பூக்க வாய்ப்பிருந்த இடங்கள் அவை.

எல்லாச் செடியும் மறுபடி பூக்கும் என்று நான் சொல்லவில்லை. கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் ஹைட்ரேஞ்சியா வாங்கி வருபவர்களுக்கு ஏமாற்றம் உறுதி. அது மொட்டு வைக்கக் குளிர் வேண்டும், கத்தரியால் குளிரைக் கொடுக்க முடியாது. சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். அதனால்தான் கேமரன் மலைப் பண்ணைகளில், செடி உயரும்வரை பூக்காமல் தடுக்க இரவில் விளக்கெரிக்கிறார்கள். கொண்டோ நடைபாதையில் விடிய விடிய எரியும் விளக்கடியில் வைத்த சாமந்திக்கும் அதே கதி. ரோஜாவிலும் பரம்பரை உண்டு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன. சீன ரோஜாக்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகள் பிறந்தன. பூப்பதை அடக்கும் ஒரு மரபணுவுக்குள் ஒரு துண்டு நுழைந்து அதை முடக்கிவிட்டதே காரணம் என்று 2012 இல் பிரெஞ்சு, ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இன்று நாம் தொட்டியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான். வாடிய பூவுக்குக் கீழே நல்ல இலை வரை வெட்டிவிட்டால், நம் வெப்பத்தில் சுமார் ஆறேழு வாரத்தில் அடுத்த பூ. செம்பருத்தி வேறு சாதி: அது நுனியில் முடியாமல், நீளும் கிளையின் இலைக் கக்கங்களில் ஒவ்வொன்றாகப் பூப்பது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், கிளை வளர்கிறவரை அடுத்த நாள் அடுத்த பூ. 1960 இல் இந்நாடு அதைத் தேசிய மலராக எடுத்துக்கொண்டது. செடிக்குச் செடி வழி வேறு என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். "இந்த ஊருக்கு வராது" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் பிழை.

வாடிய பூவைக் கிள்ளினால் போதும் என்ற அரைகுறை ஆலோசனையும் உலவுகிறது. விதை பிடிக்கும் செடிகளுக்கு அது சரி. வளரும் விதை செடியின் சத்தை இழுத்து அடுத்த பூவைத் தடுக்கும். குண்டு மல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதே இல்லை. பூவை மட்டும் பறித்துவிட்டுக் காம்போடு நுனியை விட்டால் ஒன்றும் நடக்காது. கிளையையே வெட்ட வேண்டும்.

செடி பூத்துக் களைத்துவிட்டது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே பூப்போடு மடிவது நெல்லும் வாழைத் தண்டும். பல்லாண்டுச் செடி உயிரோடிருப்பதே, எல்லா நுனியையும் ஒரேயடியாகப் பூவாக்கிவிடாமல் சில மொட்டுகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதால்தான். 2009 இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வாளர்கள் ஆல்ப்ஸ் மலைச் செடி ஒன்றில், அப்படிச் சில கிளைகளைப் பூக்காமல் காக்கும் மரபணுவையே அடையாளம் கண்டார்கள். உங்கள் மல்லியும் தன் மொட்டுகளை இலைக் கக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தழைத்து நிற்கும் மல்லியைத் தூக்கிப் போடாதீர்கள். சில நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் வாரமாகப் பார்த்து, கூர்மையான கத்தரியால் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். மெலிந்த கிளைகளை அடியோடு எடுங்கள். தொட்டியை வெயில் விழும் பக்கம் நகர்த்துங்கள். தளிர் வந்த பிறகு சாம்பல் சத்து மிகுந்த உரம் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக, அதோடு நிறுத்துங்கள். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்: வேர் அழுகும், ஏடிஸ் கொசு முட்டையிடும், 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் மொட்டு வரும். அந்தப் பூ ஓய்ந்ததும், பூத்த கிளை ஒவ்வொன்றையும் இரண்டு ஜோடி இலை விட்டு மறுபடி வெட்டுங்கள். வெட்டிய குச்சிகளையும் வீணாக்க வேண்டாம். ஈரமண்ணில் ஊன்றி, வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள், எப்படி வெட்டுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.